வாட்டில் பூவில் ஒரு கறுப்புத் திட்டு

"காத்து நின்னுச்சா?" என்று லொரெல் கேட்டார்.

"இன்னும் இல்ல," என்றேன்.

"வானத்தைப் பாத்துச் சொல்லாதே. கிளையைப் பாரு."

"கிளைதான் ஆடுது, லொரெல்."

"என் பஸ்ல வர்ற பிள்ளைங்ககூட இவ்வளவு ஆடாதுங்க. இரு, நானே பிடிச்சு நிறுத்தறேன். கையை எடுத்ததும் எட்டு வினாடி. மூச்சு விடாதே."

"நான் மூச்சு விட்டா பூ ஆடுமா?"

"நீ விட்டா நான் பேச ஆரம்பிச்சிருவேன்."

லொரெல் டிரகானிங் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், ஆஸ்திரேலியாவின் பெண்டிகோ நகரில் பள்ளி பஸ் ஓட்டுபவர். ஆகஸ்டில் வாட்டில் மரங்கள் மஞ்சள் உருண்டைகளாய்ப் பூத்துவிட்டால், காலை நடைக்கும் மாலை நடைக்கும் நடுவில் பஸ்ஸைக் காட்டோரம் நிறுத்திவிட்டுக் கேமராவோடு இறங்கிவிடுவார். ஒவ்வொரு பூவுக்கும் இரண்டு படம். ஒன்று நம் கண்ணுக்குத் தெரிகிற மஞ்சள். மற்றது புற ஊதா ஒளியில், எட்டு வினாடி லென்ஸைத் திறந்து வைத்து. அதற்கு லென்ஸின் முன் ஒரு கறுப்புக் கண்ணாடியைத் திருகுவார். அதன் வழியே நமக்கு எதுவும் தெரியாது. படம் திரையில் வந்து விழும்வரை அவரால் ஓரிடத்தில் நிற்க முடியாது. பஸ்ஸைச் சுற்றி நடப்பார். தேநீரைப் பாதி குடித்து மீதியைக் கொட்டுவார்.

அந்த வருடம் புற ஊதாப் படங்களில் பூவுருண்டைகள் எல்லாவற்றிலும் ஒரு கறுப்புத் திட்டு இருந்தது. தேனீக்களுக்கான அடையாளம், இதுவரை யாரும் கவனிக்காதது என்று இயற்கை ஆர்வலர் சங்கத்தில் லொரெல் அறிவித்துவிட்டார். செப்டம்பர் முதல் தேதி வாட்டில் நாள் கண்காட்சியில் நடுச்சுவர் முழுவதும் அவருக்கு என்று முடிவானது.

"இருபது வருஷமா நாங்க பாக்காததை பஸ் கண்ணாடியில பாத்தியாக்கும்?" என்றார் செயலாளர் நெவில்.

"நீ பூவைப் பாத்தாத்தானே. எப்பவும் சாண்ட்விச்சைத்தானே பாக்கறே."

கண்காட்சிக்கு நான்கு நாள் முன்னால் படங்களை அவர் சமையலறை மேசையில் பரப்பினோம். திட்டு ஏன் எப்போதும் இடப்பக்கமே இருக்கிறது என்று கேட்டேன். லொரெல் தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கேமராவை எடுத்து, தன் இடது கையைப் புற ஊதாவில் படம் பிடித்தார். கட்டைவிரல் தாரில் முக்கியதுபோல் வந்தது.

மூக்கிலிருந்து தோல் புற்று ஒன்றை வெட்டியெடுத்த நாள் முதல், குளிர்காலத்திலும் வெயில் கிரீம் பூசாமல் அவர் வாசல் தாண்டுவதில்லை. அந்தக் கிரீம் புற ஊதாவை விழுங்கிவிடும்; பட்ட இடம் படத்தில் கறுப்பாக விழும். ஆடும் பூவைப் பிடித்து நிறுத்திய விரல்தான் திட்டை வைத்திருக்கிறது. மறுநாள் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு எடுத்த பூக்களில் திட்டே இல்லை.

"உடம்பு சரியில்லன்னு சொல்லிப் படங்களை எடுத்துட்டு வந்துடலாமே," என்றேன்.

"நாளைக்கு எவனாவது நான் அறிவிச்சதை நம்பி எழுதி வெப்பான்."

மூன்று நாளும் அவர் நிலைகொள்ளவில்லை. பழைய படங்களையே மாட்டினார், நடுவில் தன் கட்டைவிரல் படத்தோடு. வாட்டில் நாளன்று மண்டப வாசலில், தன் தவறை எழுதி நாலாய் மடித்த தாளை என் கையில் திணித்தார்.

"நீ வாசிச்சிடு, கண்ணு. நான் வாசிச்சா பாதியிலேயே சாக்கு சொல்ல ஆரம்பிச்சிருவேன். மெதுவா வாசி. நெவில் சிரிச்சான்னா, சிரிச்சு முடிக்கட்டும். அப்புறம் அடுத்த வரிக்குப் போ."