ராணியின் கன்னத்துக் களிம்பு

வேப்பிலையும் புளியும் கலந்த வாசனை எங்கிருந்து வந்தாலும், தென்காசியில் எங்கள் வீட்டுப் பின்னறையும், அதன் ஒற்றை ஜன்னலும், நான் எண்ணி எண்ணிச் சலித்த அதன் ஏழு கம்பிகளும் இன்றும் கண்முன் வந்துவிடுகின்றன.

ஐம்பதுகளின் கடைசியில் ஓர் ஆடி மாதம், குற்றாலத்தில் 'சீசன்' உச்சத்தில் இருந்தபோது எனக்கு அம்மை போட்டது. பாத்திரக்கடை வைத்திருந்த அப்பா, அதே நாளில், சுந்தரபாண்டியபுரத்துக்காரர் ஒருவர் எடைக்குப் போட்ட பழைய பித்தளைக்குள் கிடந்ததென்று தேய்ந்த வெண்கலக் காசு ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரு பக்கம் கொண்டை போட்ட பெண்முகம், மறுபக்கம் கையில் கதிரோடு அமர்ந்த ஒரு தேவி. "பொம்பள மொகமா இருக்கு, உருக்க மனசு வரல" என்றார். அம்மாவுக்கு அது போதும். ஆத்தாளே வந்துவிட்டாள் என்று மஞ்சள் தடவி என் தலைமாட்டில் வைத்துவிட்டாள்.

பள்ளி ஆசிரியரான மாமா, அம்மை வீட்டுக்குள் வராமல் ஜன்னலுக்கு வெளியே நின்றே பார்த்தார்.

"அக்கா, இது ரோமாபுரி ராணி. பின்னால இருக்கது அவ ஊரு சாமி."

"சாமின்னு நீயே சொல்லுதே. பெறவு என்னலே?"

"முன்னால ராணில்லா இருக்கா!"

"ராணிக்கு நம்ம வீட்டுல என்ன சோலி? சோலி இருக்கப் போய்த்தான வந்திருக்கா."

மாமா குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

முத்துகள் உதிர்ந்து இரண்டு தண்ணீர் ஊற்றியாயிற்று. மூன்றாம் தண்ணீர் ஊற்றினால்தான் நான் வாசலைத் தாண்டலாம், அருவிக்குப் போகலாம். அம்மாவோ, ராணியின் கன்னத்தில் பச்சைக் களிம்பு இருக்கும்வரை ஆத்தா இறங்கவில்லை என்றாள். புளியும் செங்கல்பொடியும் வைத்துத் தேய்ப்பாள், முகம் மின்னும். சாரல் ஈரத்தில் இரண்டே நாளில் மறுபடி பச்சை படரும். "பாத்தியா, கோவம் தணியல" என்பாள். குளித்துவிட்டு ஈரத்தலையோடு வரும் தெருப்பிள்ளைகள், "ஏலே ராணி புருசா, ஐந்தருவில கொட்டுகொட்டுன்னு கொட்டுது, வருதியா?" என்று ஜன்னலில் கத்திவிட்டு ஓடுவார்கள்.

தேய்க்கத் தேய்க்க மூக்கு போனது, கொண்டை போனது, கதிரும் தேவியும் போனார்கள். ஆவணி முடிகிற சமயம் அம்மா அந்த வெறும் தகட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள், பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தா எறங்கிட்டா."

மூன்றாம் தண்ணீர் தலையில் காயுமுன் குற்றாலத்துக்கு ஓடினேன். சீசன் முடிந்து, அருவி பாறையில் நூல்போல் ஒழுகிக்கொண்டிருந்தது. முகமில்லாத காசை அப்பா தயங்காமல் பட்டறைக்கு அனுப்பினார்.

போன வருஷம் ஓர் அருங்காட்சியகத்தில் அதே கொண்டைக்காரியை, களிம்பு கலையாமல், கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தேன். இந்த வருஷமும் சாரல் தொடங்கிவிட்டது. மூச்சிரைப்பைச் சொல்லி மகன் என்னை அருவிக்கு விடுவதில்லை; இந்த ஜன்னலுக்குக் கம்பி ஒன்பது. இறங்கிவிட்டாள் என்று சொல்லித் தலைக்குத் தண்ணீர் ஊற்றி என்னை வெளியே அனுப்ப, அம்மா இல்லை.