நோரா அன்ரி வானொலியில் இறந்த வாரம்

வியாழக்கிழமை, மாலை 4.20. மட்டக்களப்பில் ரயில் ஏறிய மூன்றாம் நாள், கொழும்பிலும் லண்டனிலும் விமானம் மாறி, மொன்றியலின் டோர்வால் விமான நிலையத்தில் கால் வைத்தேன். 2003ஆம் ஆண்டு மே மாதம். "இப்ப வசந்தகாலம் அக்கா, குளிரே இல்ல" என்று தங்கச்சி தவம் தொலைபேசியில் சொன்னதை நம்பி ஒரு நூல் சுவெட்டரோடு வந்துவிட்டேன். வாசலுக்கு வெளியே வந்ததும் பல் கிடுகிடுத்தது. பதினாறு வருடம் பனியில் கிடந்தவளிடம் குளிரைப் பற்றிக் கேட்டது என் பிழைதான்.

காரோடு வந்து நின்றவர் தவத்தின் கணவர் கிருபா. யாழ்ப்பாணத்துக்காரர், தங்கமான பிள்ளை, வாய்க்கு மட்டும் ஓய்வில்லை. அவர்கள் இருக்கும் வெர்டன் பகுதிக்கு அங்கிருந்து பதினைந்து கிலோமீற்றர். வழி முழுக்கக் கதை. கத்தரிக்காய், வெண்டிக்காய் வாங்க ஜான்-டலோன் சந்தை வரை போகவேண்டுமாம். மெற்றோவில் ஒரு தடவை போக இரண்டரை டொலராம். எங்கள் காசில் நூற்றெழுபது ரூபாய்க்கு மேலே. அந்தக் காசுக்கு மட்டக்களப்பிலிருந்து பஸ்ஸில் எவ்வளவு தூரம் போகலாம் என்று யோசித்தேன்.

வெர்டன் வீடுகளைக் கண்டதும் சிரிப்பு வந்தது. மாடிப்படியைக் கட்டடத்துக்கு வெளியே, தெருவைப் பார்க்க, இரும்பில் வளைத்து வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். "பனி பெய்யக்க இதால எப்படி இறங்குற?" என்று கேட்டேன். "விழுந்தெழும்பித்தான் அக்கா" என்றார் கிருபா.

மேல் வீட்டில் இவர்கள் இருவரும். கீழே வீட்டுக்காரி நோரா. அயர்லாந்தில் மாயோ என்ற இடத்தில் பிறந்து, இருபத்திரண்டு வயதில் கப்பலேறி வந்தவர். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. இவர்களுக்கு அவர் நோரா அன்ரி. ஏதும் தேவையென்றால் தும்புத்தடியால், அதுதான் நீளப் பிடி போட்ட விளக்குமாற்றால், தன் வீட்டு முகட்டில் இரண்டு தட்டுத் தட்டுவார், அது எங்கள் காலடியில் கேட்கும்.

வெள்ளிக்கிழமை, காலை 9.30. அதே காலடியிலிருந்து ஒரு பிடில் வாசிப்பும் ஒரு ஆண்குரலும் எழும்பி வந்தன. "டெக்லன்ட நிகழ்ச்சி" என்று தவம் தங்கள் வானொலியையும் திருப்பிவிட்டாள். சின்னதொரு சமூக வானொலி. வார நாட்களில் காலையில் ஒன்றரை மணித்தியாலம், மொன்றியலில் இருக்கும் ஐரிஷ்காரருக்கு அயர்லாந்துக் கதை சொல்லும் நிகழ்ச்சி. என்னுடையது தபால் கந்தோரில் வேலை பார்த்த ஆங்கிலம், அதுவும் ஓய்வுபெற்றது. பாதி விளங்கியது, மீதியைத் தவம் சொன்னாள். உருளைக்கிழங்கைத் தோலோடு அவிப்பதா, உரித்து அவிப்பதா என்று தொலைபேசியில் வந்தவர்கள் இருபது நிமிடம் அடிபட்டார்கள். ஒரு கிழவர் ஐரிஷ் மொழியில் ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணினார். அதற்கு டெக்லன் அழாக்குறையாக நன்றி சொன்னார். அட, இதுகளும் எங்களைப்போலதான் என்று நினைத்தேன்.

பத்து மணிக்கு மெதுவான ஒரு சோக இசை. "சத்தம் போடாத அக்கா, மரண அறிவித்தல்" என்றாள் தவம்.

எங்கள் வானொலியில் அறிவித்தல் போகும்போது அம்மி அரைக்கும் சத்தம்கூட நிற்குமே, அதே அமைதி. இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய், இன்ன இடத்தில் நல்லடக்கம். அயர்லாந்திலும் ஊர் வானொலிகளில் காலையில் இதைக் கேட்காமல் வேலை தொடங்க மாட்டார்களாம். கேட்டுவிட்டால் போயே ஆகவேண்டும். செத்தவீட்டுக்குப் போகாதவனோடு உறவே இல்லை.

அப்போதுதான் நோரா அன்ரியின் கதையைத் தவம் சொன்னாள். அவருக்கு ஒரேயொரு தங்கை, பிரிஜிட். ஆற்றுக்கு அப்பால் லொங்குய்யில் இருக்கிறார். பிரிஜிட்டின் புருஷன் செத்த கிழமை பனிப்புயல். பாலம் மூடி, மெற்றோவும் ஓடாமல், நோரா அன்ரி போகவில்லை. அன்றிலிருந்து பத்தொன்பது வருடம் இருவருக்கும் பேச்சில்லை. இரண்டு கிழவிகளும் தினமும் ஒரே நேரத்தில் ஒரே நிகழ்ச்சியைக் கேட்கிறார்கள் என்பது மட்டும் இருவருக்கும் தெரியும். வருகிற புதன்கிழமை நோரா அன்ரிக்கு எண்பது. "தங்கச்சி ஒருக்கா வந்திட்டுப் போனா நிம்மதியாக் கண்ணை மூடுவன் எண்டு சொல்லிச் சொல்லி அழுகிறா அக்கா" என்றாள் தவம்.

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 3.00. யோசனை கிருபாவுடையது. டெக்லனுக்குப் பெக்ஸ், அதாவது தொலைநகல், அனுப்பிப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்ல வைப்போம், லொங்குய் வரைக்கும் கேட்கும். "பிரிஜிட்டின்ர பேரைப் போட்டா அன்ரி கோவிப்பாவோ?" என்று அவர் இழுத்தார். "போடுங்க, வாறது வரட்டும்" என்று நான்தான் அடித்துச் சொன்னேன்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். மொன்றியலில் எந்தத் தமிழ்வீட்டில் சாவு விழுந்தாலும் பத்திரிகைக்கு அறிவித்தல் எழுதித் தருபவர் எங்கள் கிருபா. குறைந்தது நூறு எழுதியிருப்பார். அந்தக் கைக்கு வேறு நடை தெரியாது. 'அறிவித்தல்' என்று மேலே போட்டு ஆங்கிலத்தில் எழுதினார். மாயோவைப் பிறப்பிடமாகவும் வெர்டனை வசிப்பிடமாகவும் கொண்ட நோரா, காலஞ்சென்ற மார்ட்டினின் அன்பு மனைவியும், லொங்குய்யைச் சேர்ந்த பிரிஜிட்டின் பாசமிகு சகோதரியும் ஆவார். வயது எண்பது. புதன்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு அவரது இல்லத்தில் உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும் கூடுமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர். தகவல், மேல்வீட்டுக் குடும்பத்தினர்.

நான் வாசித்துப் பார்த்து ஒரு காற்புள்ளி திருத்தினேன். பிறந்தநாள் என்ற சொல்லே அதில் இல்லை என்பது மூன்று பேரில் ஒருவருக்கும் படவில்லை. மூன்று மண்டைகள்! திங்கட்கிழமை பெக்ஸ் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை, காலை 10.05. கிருபா வேலைக்குப் பிந்திப் போவதாகச் சொல்லிவிட்டு வானொலியடியில் குந்தியிருந்தார். சோக இசை வந்தது. "வாழ்த்து இதுக்குப் பேந்து வரும்" என்றார். டெக்லன் தொண்டையைச் செருமி, குரல் தளதளக்க, முதலாவதாக நோரா அன்ரியை வாசித்தார். எழுதியதில் ஒரு சொல் விடவில்லை. முடிவில், அவருடைய ஆத்மா சாந்தியடையட்டும் என்று தன் பங்குக்கும் சேர்த்துக்கொண்டார்.

கிருபா தலையில் கை வைத்தார். கீழே சத்தமே இல்லை. "ஐயோ, கேட்டுப்போட்டு உண்மையாவே போயிட்டாவோ" என்று தவம் அழத் தொடங்கினாள். அப்போது காலடியில் தட்டுச் சத்தம். இரண்டல்ல, பத்துப் பன்னிரண்டு.

மூவரும் இரும்புப்படியில் உருண்டு விழாத குறையாக இறங்கினோம். நோரா அன்ரி கதிரையில் தும்புத்தடியோடு நிமிர்ந்து இருந்தார். "நான் எப்ப செத்த?" என்று கேட்டார். அவர்களின் ஆங்கிலத்தை என் ஊர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன், வேறு பேச்சு எனக்கு வராது. கிருபா காலில் விழாக்குறையாக மன்னிப்புக் கேட்டு, வானொலிக்குப் போன் எடுக்கப் பாய்ந்தார். அன்ரி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "பொறு. ஒரு நாளைக்குச் செத்திருந்து பாக்கிறன். வாறாளா எண்டு பாப்பம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வந்து ஆறு நாள்கூட ஆகாத விருந்தாளி என்பதை மறந்து, "நல்லாயிருக்கு உங்கட விளையாட்டு! அங்க ஒருத்தி நெஞ்சில அடிச்சிக்கிட்டு இருப்பா. நம்பரைத் தாங்க" என்றேன். அன்ரி முகம் சுருங்கி, பார்க்காமலே இலக்கங்களைச் சொன்னார். பத்தொன்பது வருடமாக மனப்பாடமாம். விரல்தான் போகவில்லையாம். நான் சுழற்றினேன். அடித்தது, அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மூன்று தடவை முயன்றேன். கிருபா எடுத்த வானொலி இலக்கமோ ஓயாமல் வேறு அழைப்பில் இருந்தது.

"கேட்டிருப்பாள். கேட்டும் எடுக்கிறாள் இல்ல" என்றார் அன்ரி. அந்தக் குரலில் விளையாட்டெல்லாம் போய்விட்டது. தவம் தேத்தண்ணீர் வைத்தாள், ஒருவரும் தொடவில்லை.

காலை 11.40. வாசல் மணி. நோரா அன்ரிதான் எழும்பிப் போய்த் திறந்தார், எங்களைப் போக விடவில்லை. வெளியே எழுபத்தாறு வயதில் ஒரு மெலிந்த பெண். கோட்டுக்குள்ளே சமையல் ஏப்ரன், ஒரு காலில் கறுப்புச் சப்பாத்து, மறுகாலில் மண்ணிறம். லொங்குய்யில் மெற்றோ ஏறி, நடுவில் வண்டி மாறி, அழுதபடியே வந்திருக்கிறார்.

"நீ செத்திட்டா எண்டு சொன்னாங்க."

"ஓம், நானும் கேட்ட."

கைப்பையால் அன்ரியின் தோளில் விழுந்தது ஒரு அடி. மறுகா இன்னொன்று. மூன்றாவது அடிக்கு ஓங்கிய கை அப்படியே கழுத்தைக் கட்டிக்கொண்டது. இரண்டு பேரும் குழறிய குழறலில் பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்காரி ஜன்னலைத் திறந்து பார்த்தாள். நான் அழவில்லை என்று எழுதினால் தவம் என்னைச் சும்மா விடமாட்டாள். கால் மணித்தியாலத்தில், கோப்பையில் முதலில் தேத்தண்ணீர் என்று அக்காவும் பால் என்று தங்கையும் சண்டை தொடங்கிவிட்டார்கள்.

புதன்கிழமை, பிற்பகல் 2.00. முப்பத்திநாலு பேர் வந்தார்கள். உண்மையை டெக்லன் காலையிலேயே வானொலியில் சொல்லிவிட்டார், இருந்தும் வந்தார்கள். சுட்ட பன்றித்தொடை, சோடா ரொட்டி, பழக்கேக் என்று ஆளுக்கொரு தட்டம். தவத்தின் மீன் ரோல்ஸ் முதல் அரை மணித்தியாலத்தில் முடிந்தது. டெக்லன் தொப்பியைக் கையில் வைத்து நெரித்தபடி மூலையில் நின்றார். கிருபாவும் அவரும் ஒருவரிடம் ஒருவர் மாறி மாறி மன்னிப்புக் கேட்டது பார்க்கச் சகிக்கவில்லை.

மறு வெள்ளிக்கிழமை, காலை 9.00. புறப்படும் நாள். கிருபா பெட்டிகளைக் காரில் ஏற்ற, நான் கீழ்வீட்டுக்குச் சொல்லிக்கொள்ளப் போனேன். பிரிஜிட் இன்னும் லொங்குய் திரும்பவில்லை. எங்கள் ஊரில் எத்தனை வீடுகளில் கூடப்பிறந்தவர்கள் இப்படிப் பேச்சில்லாமல் கிடக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் வானொலியிலும் அவர்களுடைய பெயர்கள் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன, ஒருவர் செத்த பிறகு. உயிரோடு இருக்கும்போதே வாசித்துவிட்டால் என்ன என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

பிரிஜிட் என் கையைப் பிடித்து வாசலில் நிறுத்தினார். "உண்மையைச் சொல்லுங்க. என்ட மனுசன்ட செத்தவீட்டுக்கு இவள் வராத கோவம் எப்பவோ போயிட்டு. என்ட பயம் வேற. இவள் செத்தா அறிவித்தலில என்ட பேரை விட்டிருவாள் எண்டுதான் பயம். அதுக்காகவே தினமும் ரேடியோ கேட்ட நான். சகோதரி எண்டு என்ட பேரைப் போடச் சொன்னது ஆரு?"

உள்ளே நோரா அன்ரி தேத்தண்ணீர்ச் சாடியைத் தூக்கியபடி அப்படியே நின்றார்.

"அவதான். முதல்ல அதைத்தான் எழுதச் சொன்ன" என்றேன்.

நோரா அன்ரி என்னைப் பார்க்கவில்லை. தங்கையின் கோப்பையில் முதலில் பாலை ஊற்றினார். "உன்ட பேர் இல்லாம நான் எப்படிச் சாகிற?" என்றார்.