மெஷின் வாயில் போன கயிறு

பொம்மிடி பக்கம் நானும் முருகேசன் அண்ணனும் மரம் கழிக்கும் வேலை செய்கிறோம். அவர் மேலே ஏறி வெட்டுவார். நான் கீழே கிளைகளை இழுத்துப் போடுவேன். கிளைகளைத் தூளாக்கும் மெஷின் ஒன்று சொந்தமாக வேண்டும் என்பது டிப்ளமோ முடித்த நாளிலிருந்தே எனக்குத் தீராத ஏக்கம்.

போன மாதம் ஒரு விற்பனைக்காரர் இரண்டு மெஷின்களை ஓட்டிப் பார்க்கத் தந்தார். ஒன்றில் கிளையை நாமே தள்ள வேண்டும். அதை முதல் நாளே ஓட்டி, நல்ல வேகம் என்று முடிவு கட்டியிருந்தேன். மறுநாள் ஓட்டிய மற்றதில் உருளைகள் தாமே கிளையை உள்ளே இழுத்துக்கொண்டன.

"பொண்ணு பாக்க வந்தவனாட்டம் அதையே பாக்காதடா, மேல நானும் இருக்கறேன்!" என்று புளியமரத்திலிருந்து அண்ணன் சிரித்தார்.

நான் காதில் வாங்கவில்லை. எது வேகம் என்று நேரம் பார்த்தபடி கிளைகளை அள்ளி அள்ளிக் கொடுத்தேன். அவற்றோடு சேர்ந்து, அண்ணன் இடுப்பில் கட்டியிருந்த கயிற்றின் கீழே தொங்கிய நுனியும் மெஷினுக்குள் போய்விட்டது.

"டேய், கவுறு! கவுறு போவுதுடா!"

மெஷின் வாயருகே இருந்த சிவப்புத் தடியை இடுப்பால் மோதினேன். உருளைகள் நின்றன. மேலே அண்ணன் கிளையைக் கட்டிப்பிடித்திருந்தார்.

இறங்கி வந்தவர், "நேத்து ஓட்டுனதுல இந்தத் தடி இருந்துதா?" என்று மட்டும் கேட்டார்.

இல்லை.

இன்னும் மெஷின் வாங்கவில்லை. சாலையோரம் கிளைக் குவியல் எரிவதைக் கண்டால், தூளாக்கியிருக்கலாமே என்று இப்போதும் மனசு அடித்துக்கொள்கிறது. ஆனால் எந்த மெஷினைப் பார்த்தாலும், எப்படி நிறுத்துவது என்றுதான் முதலில் கேட்கிறேன். வாடகை மெஷினைக்கூட, அண்ணன் இறங்கிக் கயிற்றைச் சுருட்டிய பிறகே ஓட்டுகிறேன்.