மஸ்கட் வெள்ளிக்கிழமைக் குழம்பு

படிப்பை நிறுத்தியதிலிருந்து திருநகரில் ஒரு காய்கறிக் கடையில் எடை போடுகிறேன். இன்று காலை எங்கள் தெரு அண்ணனும் அவர் மனைவியும் வந்தார்கள். மதனிக்குச் சொந்த ஊர் பிலிப்பைன்ஸ். இருவரும் மஸ்கட்டில் பல வருடம் இருந்துவிட்டு, இப்போதுதான் அண்ணனின் அம்மா வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

அண்ணன் கத்திரிக்காயை ஒவ்வொன்றாகக் காம்பு பார்த்துப் பொறுக்கினார்.

கடைக்கார அக்கா சும்மா இருப்பாரா? “என்னண்ணே, மதனி நிக்கையில நீங்க பொறுக்குறீக? வீட்ல சமையலும் நீங்கதானா?”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணன் கூடையை மதனி கையில் கொடுத்துவிட்டு ஃபோனைப் பார்க்க ஆரம்பித்தார்.

மதனி மீதிக் காயைப் பொறுக்கிப் போட்டபடி என்னிடம் மெதுவாகச் சொன்னார். தமிழ், அண்ணனிடம் கற்றதுதான்.

“அங்க வெள்ளிக்கிழமை லீவு, அன்னைக்கு இவர்தான் குழம்பு வைப்பார். நான் வெங்காயம் உரிப்பேன். சின்ன கிச்சன், ரெண்டு பேர் நின்னா இடிக்கும். இங்க கிச்சன் பெருசு. அத்தை இவரை உள்ள விட மாட்டாங்க. நான் மட்டும் நிக்கிறேன்.”

நான் தராசுத் தட்டைத் துடைத்து வைத்தேன்.

அண்ணன் ஃபோனைச் சட்டைப் பையில் போட்டார். கூடையை வாங்கி இரண்டு காயை மாற்றினார்.

“முத்தலா எடுத்துட்டா. அரைக் கிலோ போடும்மா. இன்னைக்குக் குழம்பு நான்தான் வைக்கப் போறேன்.” அக்காவுக்குக் கேட்கும்படியே சொன்னார்.

அவர்கள் போன பிறகு அக்கா மிச்சக் கத்திரிக்காயை அடுக்கி வைத்தார். அப்புறம், “எங்க வீட்டு ஆளுக்கு வெந்நி வைக்கக்கூடத் தெரியாதுடி” என்றார்.

உங்கள் வீட்டில் எப்படி?