'ம்' கொட்ட ஓர் ஆள்

போன சனிக்கிழமை என் வைட்ஃபீல்ட் ஃபிளாட்டுக்கு இரண்டு பேர் வந்தார்கள். டெலிவரி ஆட்கள் இல்லை – என்னைப் பார்க்கவே வந்தவர்கள்! பழைய பெங்களூர்த் தமிழர்களைப் பேசவைத்து ரெக்கார்ட் செய்யும் கல்லூரி மாணவர்கள். பேட்டி எடுப்பவள் ஷாலினி. கேமரா அவள் கிளாஸ்மேட் கையில்.

காலையிலேயே ஷேவ் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் காத்திருந்தேன். மனைவி காலமான பிறகு நான் வாய் திறப்பது இன்டர்காமில் செக்யூரிட்டியோடு மட்டும்தான். கிடைத்த சான்ஸை விடுவேனா?

"அங்கிள், நீங்க பேசறப்ப நாங்க சத்தமே போட மாட்டோம். எங்க வாய்ஸ் ரெக்கார்ட் ஆகக் கூடாதுன்னு ட்ரெயினிங்ல சொல்லியிருக்காங்க. சும்மா தலையாட்டுவோம்" என்றாள் ஷாலினி.

ஆரம்பித்தேன். அப்பா மர்பி டவுனில் பேண்ட் செட்காரர், டிரம்பெட் ஊதுவார். ஒருநாள் கல்யாண வீட்டுக்குக் கிளம்பிய கோஷ்டி, தெரு மாறிப் போய்...

நிறுத்தினேன். இரண்டு பேரும் தலையாட்டினார்கள். எனக்கு மேலே ஓடவில்லை.

கதை கேட்பவர்கள் 'ம்' கொட்ட வேண்டாமா? இதே கதையை என் மனைவி எத்தனை தடவை கேட்டிருப்பாள்! அப்படியும் சமையலறையிலிருந்து 'ம்... ம்...' வந்துகொண்டே இருக்கும். மைக் இருந்தால் பேசிவிடலாம். கதை சொல்ல, 'ம்' கொட்ட ஆள் வேண்டும்.

"என்னாச்சு அங்கிள், மறந்துட்டீங்களா?"

"மறக்கலம்மா. நீ 'ம்' கொட்டு, தானா வரும்."

அவள் கேமராக்காரனைப் பார்த்தாள். "பரவால்லடா, எடிட்ல தூக்கிடலாம்." என் பக்கம் திரும்பினாள். "ம்... அப்புறம் அங்கிள்?"

அவ்வளவுதான்! கோஷ்டி சாவு வீட்டு வாசலில் நின்று கல்யாணப் பாட்டை ஊதியது, இறந்தவரின் சம்சாரமே அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டது, அப்புறம் அப்பாவையே சாவு ஊர்வலம் முழுக்க வாசிக்கச் சொன்னது... கொட்டித் தீர்த்தேன். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

நேற்று லிங்க் வந்தது. கூடவே ஷாலினியின் மெசேஜ்: 'சூப்பரா வந்திருக்கு அங்கிள்! என் "ம்" எல்லாம் க்ளீனா எடுத்தாச்சு.'

டைனிங் டேபிளில் போனைச் சாய்த்து வைத்துக் கேட்டேன். எடுத்துத்தான் விட்டார்கள். அப்பா தெரு மாறிப் போகிறார்... என் குரல் நிற்கிறது. பதிலுக்கு ஒன்றுமில்லை. வீடு இவ்வளவு காலியாக இருப்பது அப்போதுதான் உறைத்தது.

"ம்... அப்புறம்?" என்றேன், நானே.