இரண்டாம் இருக்கைக்காரன்

மடு மாதா அறிய, இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. நம்பாதவர்கள் மொன்றியலில் வில்லரேப் பகுதியில் எங்கள் வீட்டுக்கு வரலாம். தேத்தண்ணி தந்து மறுபடியும் சொல்லுவேன், ஓர் எழுத்தும் மாறாது. ஞாயிறு தவறாமல் பூசை காண்கிற கிழவன் நான். எனக்கு எதற்குப் பொய்?

பேய் என்றால் இருட்டு வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்று சொல்வார்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில், முந்நூறு சனத்துக்கு முன்னால். 2004ஆம் ஆண்டு, செப்டம்பர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. நேரம் மூன்று பத்து. இது என் மணிக்கூட்டின்படி. பேரின்பநாதனின் புது மணிக்கூட்டில் எத்தனை என்று நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவையும் எனக்கு இல்லை.

பேரின்பநாதனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஊரில் மன்னார் – யாழ்ப்பாணம் பஸ்ஸில் அவன் டிரைவர், நான் கொண்டக்டர். ஒரே பஸ், இருபது வருடம். ஒருதரம் மணி அடித்தால் நிற்பான், இரண்டுதரம் அடித்தால் போவான். சனம் அவனுக்கு இளநீர் வெட்டிக் கொடுக்கும். என்னிடம் மிச்சக் காசுக்குச் சண்டை பிடிக்கும். திரேசம்மா என்றொரு பெண் அந்த பஸ்ஸில்தான் தினமும் வேலைக்குப் போய்வந்தாள். டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் இருப்பாள். காசு என்னிடம், சிரிப்பு அவனிடம். பிறகு அவள் என்னைத்தான் கட்டினாள். ஏன் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது நல்லது.

மொன்றியலுக்கும் இரண்டு பேரும் ஒரே வருடம் வந்து சேர்ந்தோம். கார் என்னுடையது. ஓட்டுவது அவன். நான் ஓட்டினால் திரேசம்மாவுக்குத் தலை சுற்றுமாம்.

இதைப் பொறாமை என்று சிலர் நினைக்கக்கூடும். எனக்குப் பொறாமை கிடையாது. அது என் சுபாவத்திலேயே இல்லை.

பேரின்பம் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ என்னும் ஊரிலுள்ள ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை பார்த்தான். பிரெஞ்சு சரளமாகப் பேசுவான். அங்கே முசியே அர்மான் என்று எண்பத்தாறு வயதுக் கிழவர் இருந்தார். அவருடைய மகளின் கொட்டிலில் பழைய கார் ஒன்று கிடந்தது. அர்மானின் தகப்பன் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ஓடிய பந்தயக் கார். அந்தக் காலத்தில் விவசாயக் கண்காட்சிகளில் குதிரை ஓடும் மண் வட்டம் இருக்கும். குதிரைகள் ஓடி முடிந்ததும் அதே மண்ணில் காரை விடுவார்களாம். கூரை இல்லை, கதவு இல்லை. வலது பக்கம் ஓட்டுகிறவன், இடது பக்கம் இரண்டாவது ஆள்.

அந்த இரண்டாவது ஆளுக்கு என்ன வேலை என்று கேட்டேன். அர்மான் நெடுநேரம் கையை ஆட்டி விளக்கினார். பேரின்பம் தமிழில் சொன்னான்.

"கையால பம்ப் அடிச்சு என்ஜினுக்கு ஒயில் ஏத்த வேணும். பின்னால திரும்பித் திரும்பிப் பாக்க வேணும். சத்தத்தில கதைக்கேலாது, அதால டிரைவற்றை முழங்காலில தட்டித்தான் சொல்லுறது. ஒருதரம் தட்டினால் பின்னால கார் வருது. ரெண்டுதரம் எண்டால் மெதுவாக்கு."

பிறகு சிரித்தான்.

"கொண்டக்டர் வேலைதான் அண்ணை! ரிக்கெற் கிழிக்கிறது மட்டும் இல்லை."

திரேசம்மாவும் சிரித்தாள். அவள் ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்களோடு கொட்டிலுக்கு வருவாள், ஒரு பெட்டி நிறைய றோல்ஸ் பொரித்துக்கொண்டு. பெட்டி முதலில் பேரின்பத்திடம் போகும். "தம்பி தனிய இருக்கிற மனுசன், பாவம்" என்பாள். தம்பிக்கு அறுபத்துநாலு வயது.

குளிர்காலம் முழுக்க நாங்கள் அந்தக் காரைத் திருத்தினோம். நாங்கள் என்றால் நான். ஒயில் பம்பைக் கழற்றிப் பூட்டியது நான். அதன் கைபிடிக்கு மரம் சீவியது நான். பேரின்பம் முன்பக்கத்தைத் துடைத்துத் துடைத்து அதில் தன் முகத்தைப் பார்த்தான்.

அப்போதே சில விஷயங்கள் சரியாக இல்லை.

இரண்டாவது இருக்கையின் தோல் எப்போதும் பள்ளமாகக் கிடந்தது. நான் பஞ்சு அடைத்துத் தைப்பேன். அடுத்த கிழமை போனால் பள்ளம். யாரோ அப்போதுதான் எழும்பிப் போனதுபோல... தொட்டால் சூடு. வெளியே பனி முழங்காலுக்கு நின்றது.

பம்பின் கைபிடியைக் கீழே இறக்கி வைத்துவிட்டுப் போவேன். திரும்பி வந்தால் மேலே நிற்கும்.

பிறகு, மணம். நாங்கள் ஊற்றியது கடையில் வாங்கிய சாதாரண ஒயில். ஆனால் கொட்டில் கதவைத் திறந்தால் ஆமணக்கெண்ணெய் மணத்தது. சின்ன வயதில் மூக்கைப் பொத்திக் குடித்தவன் நான், அந்த மணம் எனக்குத் தவறாது. அர்மானிடம் கேட்கச் சொன்னேன். கிழவர் என்னை நீளமாகப் பார்த்தார். அந்தக் காலத்துப் பந்தயக் கார்களுக்கு ஆமணக்கெண்ணெய்தான் ஊற்றுவார்களாம். ஐம்பது வருடமாக இந்தக் காருக்கு ஊற்றவில்லையாம்.

பேரின்பத்துக்கு எதுவும் மணக்கவில்லை. அவன் வாசனைத் தைலம் பூசிக்கொண்டு வருகிறவன்.

ஆவணியில் செய்தி வந்தது. மொன்றியல் தீவைத் தாண்டி, பாலத்துக்கு அப்பால் நடக்கிற ஒரு கண்காட்சியில் பழைய கார்களை அதே மண் வட்டத்தில் இரண்டு சுற்று ஓடவிடப் போகிறார்களாம். அர்மானுக்குக் கை நடுக்கம். யார் ஓட்டுவது?

நான் தொண்டையைச் செருமினேன். கிழவர் என் கையைப் பிடித்து, "மெர்சி, மெர்சி" என்று நன்றி சொன்னார். பிறகு திரும்பி, ஓட்டுகிறவனின் தோல் தொப்பியைப் பேரின்பத்தின் தலையில் வைத்தார்.

"உங்களுக்கு ஒண்டுமில்லையே அண்ணை?" என்று கேட்டான் பேரின்பம்.

"எனக்கென்ன? நீ ஓட்டு."

"தொப்பி தம்பிக்கு வடிவா இருக்கு" என்றாள் திரேசம்மா.

அன்றிரவு நான் நன்றாக நித்திரை கொண்டேன். இராச் சாப்பாடு மட்டும் வேண்டாம் என்றேன், அவ்வளவுதான்.

கண்காட்சி நாள். மூன்று கிழமையாக மழையே இல்லை. வெயில் கொளுத்தியது. வட்டப் பாதை மாப்போலக் கிடந்தது, ஓர் ஆள் நடந்தாலே தூசி இடுப்புக்கு எழும்பும். ஆறு கார்கள். எங்களுடையது நாலாவது. வளைவுகளில் வைக்கோல் கட்டுகள் அடுக்கியிருந்தார்கள், மர வேலிக்கு அந்தப் பக்கம் சனம். முன்வரிசையில் திரேசம்மா. அவள் கை காட்டினாள். எனக்கு என்றுதான் நினைக்கிறேன்.

கொடி விழுந்தது.

முதல் சுற்றில் ஒன்றுமில்லை. நான் பம்ப் அடித்தேன். கிளிக்... கிளிக்... கிளிக்... பேரின்பம் பல்லைக் காட்டிக்கொண்டு ஓட்டினான். சனம் கத்தியது. யாரைப் பார்த்துக் கத்தியது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது இருக்கைக்காரனுக்குக் கைதட்டிய ஊர் எங்கும் கிடையாது.

இரண்டாவது சுற்று. முன்னால் போன மூன்று கார்களின் தூசியும் எங்கள்மேல் விழுந்தது. வேலி மறைந்தது. சனம் மறைந்தது. பேரின்பத்தின் தொப்பி மட்டும் பக்கத்தில் நிழல்போல...

அப்போது என் இடது முழங்காலில் யாரோ தட்டினார்கள்.

டக்.

இடது பக்கம் ஆள் இல்லை. இடது பக்கம் காரே இல்லை. வெறும் காற்று.

ஒருதரம் என்றால் பின்னால் வருகிறது. திரும்பிப் பார்த்தேன். தூசி. அதற்குள் ஒன்றும் இல்லை. ஆனால் ஆமணக்கெண்ணெய் மணத்தது.

கிளிக்... கிளிக்...

பம்ப் கைபிடி ஏறி இறங்கியது. என் கை அதில் இல்லை.

மூன்றாவது வளைவு வந்தது.

பேரின்பத்தின் முழங்காலில் ஒரு தட்டு விழுந்தது. இன்னொரு தட்டு.

டக். டக்.

இரண்டு என்றால் மெதுவாக்கு. கொட்டிலில் நூறுதரம் பழகியது. ஆனால் பேரின்பத்தின் காலுக்கு இருபது வருட பஸ் மணிப் பழக்கம். இரண்டு என்றால் போ.

அவன் மிதித்தான்.

கார் பாய்ந்தது. நான் கத்தினேன். சத்தம் வரவில்லை.

யாரோ இருக்கையில் வந்து உட்கார்ந்தார்கள்.

என் பக்கத்தில் அல்ல.

என் மடியிலும் அல்ல.

நான் இருந்த அதே இடத்தில்.

குளிர்... எலும்புக்குள் குளிர்.

என் வலது கைக்குமேல் இன்னொரு கை. தோல் கையுறை. நான் கையுறை போடவில்லை.

அது நீண்டது. பேரின்பத்தின் நெஞ்சுக்கு முன்னால்.

ஸ்டியரிங்கைப் பிடித்தது.

என் காதுக்குள் ஒரு குரல். மெதுவாக. அழுகிறதுபோல.

"ஆ மோன் தூர்..."

இழுத்தது.

பிறகு வைக்கோல். வாய்க்குள், மூக்குக்குள், எல்லா இடமும் வைக்கோல்.

எனக்கு ஒரு கீறலும் இல்லை. பேரின்பத்துக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. எங்களை இழுத்து எடுத்தபோது ஸ்டியரிங் வளையத்தில் உடைந்த ஒரு துண்டு என் கையில் இருந்ததாம். அது எப்படி அங்கே வந்தது? அதைத்தான் நானும் கேட்கிறேன்.

ஆஸ்பத்திரியில் பேரின்பம் கண் விழித்ததும் என்னைப் பார்த்தான்.

"ஏன் பிடிச்சனீங்கள் அண்ணை?"

"நான் பிடிக்கேல்லை."

"உங்கடை கை."

"அந்தத் தூசிக்குள்ள யாற்றை கையெண்டு உனக்கெப்பிடித் தெரியும்?"

அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தான். படுக்கையின் மற்றப் பக்கத்தில் திரேசம்மா இருந்தாள். அவள் அவனுடைய போர்வையைச் சரிசெய்தாள்.

அடுத்த நாள் அர்மான் வந்தார். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பேசினார். பேரின்பம் கண்ணை மூடியபடியே தமிழில் சொன்னான்.

அர்மானின் தகப்பனுக்கு ஓவிலா என்றொருவன் இரண்டாவது ஆளாக இருந்தானாம். ஏழு வருடம். என்ஜினைத் திருத்துவது அவன், பம்ப் அடிப்பது அவன். பரிசுக் கோப்பை மட்டும் தகப்பனுக்கு. ஒவ்வொரு வருடமும் "ஒருக்கால் நான் ஓட்டட்டுமா" என்று கேட்பானாம். "வாற வருசம்" என்று தகப்பன் சொல்வாராம். ஏழாவது வருடம் அதே மண் வட்டத்தில், அதே மூன்றாவது வளைவில், தூசிக்குள், ஓவிலா கையை நீட்டி ஸ்டியரிங்கைப் பிடித்தான். கார் உருண்டது. தகப்பன் பிழைத்தார். ஓவிலா பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த இரண்டாவது இருக்கையில் ஒருவரும் உட்காரவில்லை.

நான்தான் முதல் ஆள்.

"பாத்தியா?" என்றேன்.

பேரின்பம் கண்ணைத் திறந்தான். "இந்தக் கதையை முசியே அர்மான் மாசி மாசமே சொன்னவர். நான் உங்களுக்குத் தமிழில சொன்னனான். நீங்கள் றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு இருந்தனீங்கள்."

றோல்ஸ் சாப்பிடும்போது எனக்குக் காது கேட்பதில்லை. அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

எனக்கு வரும் பிரெஞ்சு பொன்ஜூர், மெர்சி, மெட்ரோ. அவ்வளவுதான். ஆகையால் எங்கள் தெருமுனையில் தெப்பனர் என்கிற சில்லறைக் கடைக்காரியிடம், காதில் கேட்டதை அப்படியே சொல்லி அர்த்தம் கேட்டேன். அவள் பால் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, எளிய ஆங்கிலத்தில் சொன்னாள். தமிழில் அது இதுதான்.

"இப்ப என்ரை முறை."

தெரியாத பாஷையில் ஒருவன் எப்படிப் பொய் சொல்லுவான்? யோசித்துப் பாருங்கள்.

பேரின்பம் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. என் காரை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். திரேசம்மா பின்சீட்டில் இருக்கிறாள். சில நாட்களில், வெறுமையாகக் கிடக்கும் பக்கத்து இருக்கையின் தோல் மெதுவாகப் பள்ளமாகும். நான் பார்க்காததுபோல ஓட்டுவேன்.

இவ்வளவையும் எழுதி முடித்து நேற்று திரேசம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கடைசிவரை கேட்டாள். எழும்பினாள்.

"அண்டைக்கு விடியத் தொடங்கி மழையெல்லோ" என்றாள். "பாதை முழுக்கச் சேறு. நான் குடை பிடிச்சுக்கொண்டு முன்வரிசையில இருந்தனான்."