ஏசுபாதம் வாசிக்காமல் விட்ட வரி

சேலையூர்ப் பக்கம் கல்யாணம் நிச்சயமாகி மண்டபம் தேடுகிறவர்களிடம், சபை மண்டபத்து மேனேஜர் ஏசுபாதத்தைப் பார்க்கப் போனால் ஒரு மணி நேரம் ஆகும் என்று யாராவது சொல்லித்தான் அனுப்புவார்கள். மற்ற இடங்களில் வாடகையைச் சொல்வார்கள், அட்வான்ஸ் வாங்குவார்கள், ஒரு டீ வரும், முடிந்தது. ஏசுபாதத்திடம் டீயும் கிடையாது, அவசரமும் கிடையாது. ரசீதை எடுத்து வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிப்பதுபோல உரக்க வாசிப்பார். வாடகை இவ்வளவு, கரண்ட் யூனிட்டுக்கு இவ்வளவு, ஜெனரேட்டர் மணிக்கு இவ்வளவு, குப்பை அள்ள, பாத்திரம் கழுவ, சமையலறைக்கு என்று ஒன்று விடமாட்டார். வாசித்து முடித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, "இந்த ரேட்டுக்கு மேல ஒரு ரூபா கேக்க மாட்டோம்" என்பார். அதற்குள் மாப்பிள்ளையின் சித்தப்பா தூங்கியிருப்பார்.

கல்யாணத்தன்று இன்னும் மோசம். பெண்ணைப் பெற்றவர் பட்டு வேட்டியோடு வாசலில் நின்று வரவேற்றுக்கொண்டிருக்கும்போது, கையைப் பிடித்து மீட்டர் பெட்டிக்கு இழுத்துப் போவார். செல்போன் வெளிச்சத்தில் ரீடிங்கைப் பார்க்கவைத்துக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் விடுவார். விருந்து முடிந்ததும் அதே மனிதரை மறுபடியும் இழுப்பார்.

இதற்கெல்லாம் காரணம் அவருடைய சொந்தக் கல்யாணம். இருபத்தாறு வருஷத்துக்கு முன்பு ஏதோ ஒரு மண்டபத்தில், வாடகை மட்டும்தான் என்று நம்பிப் போனவரிடம் கடைசியில் நாற்காலிக்குத் தனி, தண்ணீருக்குத் தனி, வாட்ச்மேனுக்குத் தனி என்று நீட்டிவிட்டார்கள். தேனிலவுக்கு ஊட்டி போக வைத்திருந்த பணம் அதில் போயிற்று. புதுத் தம்பதி பஸ் பிடித்து வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குப் போய்விட்டு, சாயங்காலம் வீடு திரும்பினார்கள். அவர் மனைவி செல்வமேரியிடம் இன்றைக்கும் புலி என்று பேச்செடுக்க முடியாது.

இப்படி ஒன்பது வருஷம் ஓடிய பிறகு, சபைக்குப் புதுப் பொருளாளராக சுந்தர்சிங் வந்தார். பாங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், நேர்மையான மனிதர், அந்த நேர்மையை எல்லோருக்கும் தெரியும்படி வைத்துக்கொள்பவர். கமிட்டிக் கூட்டத்தில், டீசல் விலையும் துப்புரவுக் கூலியும் ஏறிவிட்டதால் மண்டபக் கட்டணத்தையும் ஏற்ற வேண்டும் என்றார். நியாயம்தான் என்று ஏசுபாதமும் கை தூக்கினார். ஒரு கல்யாணத்துக்கு ஒன்பதாயிரம் கூடும். அதோடு விட்டிருக்கலாம். ஈஸ்டருக்குப் பிறகு நடப்பதாக ஏற்கெனவே பதிவான பதினொரு கல்யாணத்துக்கும் புது ரேட்தான் என்று சேர்த்துச் சொன்னார்.

ஏசுபாதம் எழுந்து நின்றார். அவர்களுக்கெல்லாம் பழைய ரேட்டை வாசித்துக் காட்டி, இதற்கு மேல் கேட்கமாட்டோம் என்று வாக்குக் கொடுத்தாயிற்று என்றார். சுந்தர்சிங் ரசீதைத் திருப்பி, பின்பக்கத்து அடி ஓரத்தில் விரலை வைத்துக் காட்டினார். எறும்பு வரிசைபோல ஒரு வரி இருந்தது. கட்டணங்கள் முன்னறிவிப்பின்றி மாற்றத்திற்கு உட்பட்டவை.

ஏசுபாதத்துக்கு முகம் சுண்டிவிட்டது. ரசீதுக்குப் பின்பக்கம் என்று ஒன்று இருப்பதையே அவர் ஒன்பது வருஷமாக நினைத்துப் பார்க்கவில்லை. மேற்குத் தாம்பரத்தில் அச்சடித்துக் கொடுத்தவரைப் போய்க் கேட்டால், எல்லா மண்டபத்துக்கும் அந்த வரியைத்தான் போட்டுத் தருகிறேன், அதற்குத் தனியாகச் சார்ஜ் செய்யவில்லை என்று பெருமையாகச் சொன்னார்.

விருப்பமில்லாதவர்கள் முழு அட்வான்ஸையும் வாங்கிக்கொண்டு விலகலாம் என்றாவது முடிவு செய்யுங்கள் என்று ஏசுபாதம் மன்றாடினார். சுந்தர்சிங் தாராளமாக ஒப்புக்கொண்டார். பத்திரிகை அடித்த பிறகு யார் விலகப்போகிறார்கள்? என் மகள் கெசியாவின் கல்யாணமும் அந்தப் பதினொன்றில் இருக்கிறது, முதல் ஆளாக நானே கட்டுகிறேன் என்றும் சொல்லிவிட்டார். அதற்கு மேல் யாரால் வாய் திறக்க முடியும்?

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி தட்டிவிட ஏசுபாதத்துக்கு மனம் வரவில்லை. ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, ஒரு வரி வாசிக்காமல் விட்டுவிட்டேன் என்று ஆரம்பித்து, வாசித்துக் காட்டினார். இரண்டு பேர் கத்தினார்கள். ஒருவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். அதையெல்லாம் அவர் நன்றாகவே தாங்கினார்.

தாங்க முடியாதது படப்பை அன்பு பேசியதுதான். ஒரகடத்தில் கம்பெனி வேலை, அப்பா அம்மா இல்லை, தங்கை ரோஸிக்குத் தனியாளாகக் கல்யாணம் செய்கிறான். "நீ சொன்னா கரீட்டாதான் இருக்கும்ணா. விருந்துல ஐஸ்கிரீமைத் தூக்கிட்டு, சொச்சத்தை எங்கயாச்சும் பொரட்டிக்கினு வரேன்" என்றான். கேள்வியே கேட்கவில்லை.

பட்டியலில் ஏழாவது எண் சுந்தர்சிங் வீடு. பதிவு அவர் மனைவி மெட்டில்டாவின் பெயரில் இருந்தது. தலைமையாசிரியையாக இருப்பவர். கணவர் முதல் ஆளாகக் கட்ட ஒப்புக்கொண்ட கதை அவர் காதுக்கு இன்னும் எட்டவில்லை என்பது இரண்டாவது நிமிஷமே தெரிந்துவிட்டது. ரசீதை எடுத்து வரச் சொல்லி, அவரும் பின்பக்கத்தைப் பார்த்தார். விலகினால் முழுப் பணமும் உண்டா என்று கேட்டார். உண்டு, உங்கள் வீட்டுக்காரர்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்றார் ஏசுபாதம்.

"அப்போ கெசியா கல்யாணத்தை கேன்சல் பண்ணிடுங்க பிரதர்" என்றார் மெட்டில்டா. கொஞ்சம் யோசித்து, "கல்யாணத்தை இல்ல, மண்டபத்தை" என்றார்.

அந்த வாரம் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சுந்தர்சிங் அவசரக் கூட்டம் கூட்டினார். பதிவானவர்களுக்குப் பழைய கட்டணம், இனிமேல் பதிகிறவர்களுக்குத்தான் புதியது, ரசீதிலிருந்து அந்த வரியை எடுத்துவிட வேண்டும் என்று தனக்கே தோன்றிய யோசனைபோல முன்மொழிந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. போதகர் மட்டும் ரொம்ப நேரம் இருமினார்.

ஏசுபாதம் அன்று சாயங்காலமே மீதியிருந்த ரசீதுப் புத்தகங்களில் அந்த வரியை ஸ்கேல் வைத்து அடித்தார். செல்வமேரி பக்கத்தில் உட்கார்ந்து தாள் தாளாகத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு முதல் வேலையாக அன்புக்குப் போன் போட்டு, பழைய ரேட்தான், ஒரு பைசா அதிகம் இல்லை என்றார். அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

அன்பு, "தப்பா நெனச்சிக்காதண்ணா" என்றான். "வேற எந்த லைனும் வுட்டுப்போகலியே? நல்லா பாத்து சொல்லு."

ஒன்பது வருஷத்தில் யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் கேட்டதில் தப்பில்லை என்று அவருக்கே தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ரசீதை முன்பக்கம் முதல் வரியிலிருந்து ஆரம்பித்து, பின்பக்கம் அச்சகத்தின் பெயர், போன் நம்பர் வரை நிறுத்தி நிறுத்தி வாசித்தார். அன்பு கடைசி எண் வரை கேட்டுவிட்டுத்தான் போனை வைத்தான்.